பட்டப்பெயர் சுமந்த கவண்கல்

ரொம்ப காலத்துக்கு முன்னே மருதவல்லி நாட்டைக் கோளரி என்றொரு ராஜா ஆண்டார். கோபம் மூக்கு நுனியில். ஆசையெல்லாம் தன் ஏழு பட்டப்பெயர்கள் மேல். பக்கத்து நாட்டுக் கோட்டையை முற்றுகையிட்டு மூன்று மாதம் ஆகியும் மதிலில் ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை.

கடைசியில் நாகன் என்ற தச்சன் கவண்பொறி ஒன்று செய்தான். பனைமர நீளத்துக்கு ஒரு கை. ஒரு முனையில் கல் வைக்கத் தோல் தூளி, மறுமுனையில் மண் நிரப்பிய பெட்டி. பெட்டி இறங்கினால் கை எழும்பும், கல் பறக்கும். ஒவ்வொரு கல்லையும் தராசில் ஏற்றி, தாய்க்கல் என்ற ஒரே கல்லின் எடைக்குச் சரியாகச் செதுக்கிய பிறகுதான் நாகன் தூளியில் வைப்பான். முதல் நாளே மதில் விரிசல் விட்டது.

எல்லோரும் நாகனைப் புகழ, தளபதி வேழவனுக்கு வயிறு எரிந்தது. "மகாராஜா, கல்லில் உங்கள் பட்டப்பெயர்களை வெட்டி எறிந்தால் எதிரி நடுங்குவானே!" என்று குழைந்தான். ராஜா குளிர்ந்துபோனார்.

நாகன் தலையில் அடித்துக்கொண்டான். "தளபதியாரே, ஏழு பட்டத்தையும் விரல் ஆழத்துக்கு வெட்டினா எடை குறைஞ்சிடும். கல்லு மேலே போய் நம்ம தலையிலேயே விழும்!"

"கல்லுன்னா கல்லுதான். உன் வேலையைப் பாருடா!"

பட்டம் வெட்டிய கல்லை எறிந்தார்கள். விழுந்தது ஐயா, ராஜாவின் சமையல் கூடாரத்திலேயே விழுந்தது! நாகனின் ஆட்கள் பூதனும் சாத்தனும் அங்கே கஞ்சி வாங்க நின்றவர்கள். இரண்டு பேரும் செத்துப்போனார்கள்.

ராஜா என்ன சொன்னார் தெரியுமா? "ஐயோ, என் பாயச அண்டா நசுங்கிப்போச்சே!"

வேழவன் சட்டென்று, "தச்சன் எதிரியிடம் விலைபோய்விட்டான், மகாராஜா" என்றான். அடப் பாவி!

"வெட்டுங்கள் அவன் வலது கையை!"

நாகனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "வெட்டுங்க மகாராஜா. அதுக்கு முன்னே ஒரு சோதனை. கல்லு விழுந்த இடத்துல நான் உட்கார்றேன். நான் எடை பார்த்த கல்லைத் தளபதியோட ஆட்களே எறியட்டும். அப்புறம் தளபதி உட்காரட்டும், அதே ஆட்கள் பட்டம் வெட்டின கல்லை எறியட்டும்."

ராஜா சம்மதித்தார். நசுங்கிய அண்டா பக்கத்தில் நாகன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மூன்று கல் எறிந்தார்கள். மூன்றும் மதிலில் போய் மோதின.

"வேழவா, போய் உட்கார்!"

"எனக்கு... முழங்கால் வலி, மகாராஜா."

"உட்கார் என்கிறேன்!"

வேழவன் தடாலென்று காலில் விழுந்தான். "வேண்டாம் மகாராஜா! எடை குறைந்த கல். தச்சன் அன்றைக்கே சொன்னான்!"

ராஜாவுக்கு முகம் செத்துப்போனது. தளபதியைக் கல் சுமக்க அனுப்பிவிட்டு, "நாகா, பொன் வேண்டுமா, நிலம் வேண்டுமா?" என்றார்.

"என் ஆளுங்க ரெண்டு பேர் செத்தாங்க. நீங்க அண்டாவுக்கு அழுதீங்க!" என்று சீறினான் நாகன். "அடுத்த கல்லுல அவங்க பேர்தான் இருக்கணும். எறியும்போது நீங்களே உரக்கப் படிக்கணும்."

ராஜா தலை குனிந்தார். நாகன் சற்றுப் பெரிய கல்லாக எடுத்து, முதலில் பெயர்களைச் செதுக்கி, அதற்குப் பிறகே தராசில் ஏற்றித் தாய்க்கல்லோடு சரிபார்த்தான்.

"பூதன்! சாத்தன்!" என்று ராஜா கத்த, கல் பறந்தது. மதில் சரிந்தது.

படையே கூத்தாடியது. நாகன் மட்டும் அந்த அண்டாவை ஓங்கி ஓர் உதை விட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.