நாய் பேச்சைக் கொடுத்து வாங்கிய மோப்பம்

அந்தக் காலத்தில் எல்லாப் பிராணிகளுக்கும் பேச்சு இருந்தது. ஆடு பேசும், காக்கை பேசும். மாடு கேட்டால் மட்டும் பதில் சொல்லும். நாய்தான் ஓயாமல் பேசும். அதன் வாயை மூட ஆளில்லாத நாட்களில் நடந்தது இது.

ஒச்சாயி என்று ஓர் உப்பு வியாபாரி இருந்தாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, கைதூக்கி விட ஆளும் இல்லை. கடற்கரை உப்பளத்திலிருந்து தலைச்சுமையாகவே உப்பைச் சுமந்து வருவாள். ஊர் ஊராகப் போய் உப்பைக் கொடுத்துக் கம்பு வாங்குவாள். அப்படி நடந்து நடந்தே தனக்கென்று ஒரு வீடும் கட்டிக்கொண்டாள். பேரத்தில் அவளை மடக்கியவர் கிடையாது. கோபமோ, அடுப்பில் விழுந்த உப்பு மாதிரி படபடவென்று வெடிக்கும்.

அந்த வீட்டுக்கு ஒரே கதவு. அது எந்நேரமும் சாத்தியே இருக்க வேண்டும். ஏனென்றால் உள்ளே சுவரோரம் ஓலைப்பெட்டிகளில் உப்பு, வெளியே தெருவெல்லாம் ஆடுகள். உப்பைக் கண்டால் ஆட்டுக்கு வெட்கம் மானம் எதுவும் நிற்காது. ஐப்பசி பிறந்துவிட்டால் உப்பளம் தண்ணீரில் மூழ்கிவிடும். அதற்குமேல் தைமாதம் வரை இந்தப் பெட்டிகளில் இருப்பதுதான் ஒச்சாயிக்குச் சோறு.

அவளிடம் செவலை என்று ஒரு நாய் வளர்ந்தது. பத்து மாதக் குட்டி. காலெல்லாம் நீளம், அறிவு இன்னும் பாதிதான் வந்திருந்தது. கதவு நாலு விரல் திறந்தால் போதும், அவள் காலிடுக்கில் புகுந்து தெருவுக்குப் பாய்ந்துவிடும். அவள் துரத்த வேண்டும். துரத்துகிற நேரத்தில் ஆடுகள் எட்டிப் பார்க்கும். தினம் தினம் இதே கூத்து.

சரி, பழக்கித்தான் பார்ப்போம் என்று ஒச்சாயி உட்கார்ந்தாள். கதவை லேசாகத் திறப்பாள். செவலை எழுந்தால் பட்டென்று சாத்துவாள். உட்கார்ந்தால் மறுபடி திறப்பாள். எழுந்தால் சாத்து, உட்கார்ந்தால் திற. ஒரு கையில் கருவாட்டுத் துண்டு வேறு. மூன்று நாளில் செவலை கற்றுக்கொண்டது. கதவு முழுசாகத் திறந்து கிடந்தாலும் கல்லுப்பிள்ளையார் போல உட்கார்ந்திருந்தது. நாலாம் நாள் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். ஒரே பாய்ச்சல்!

காதைப் பிடித்து இழுத்துவந்து, "என் கருவாட்டையும் தின்னுட்டு என்னையே ஏய்க்கிறியா? எங்கேடா ஓடுறே? வெளியே உனக்கு யாரு இருக்கா?" என்று கத்தினாள்.

"எனக்கு யாரும் இல்லே, ஆத்தா. உனக்குத்தான் ஆள் இருக்கு" என்றது செவலை.

"என்னடா உளர்றே?"

"தினம் சாயங்காலம் நீ வரும்போது உன் கையிலே வேற நாய் வாசம் அடிக்குது. நேத்து ஒரு கெழட்டு நாய். முந்தாநாள் ரெண்டு. உன் சேலையிலே கறுப்பு முடி ஒட்டுதே, அந்தக் கறுப்புக் குட்டியோட வாசம் மட்டும் தினமும் இருக்கு. அது யாரு?"

ஒச்சாயிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "அட கூறுகெட்டவனே! என் கையிலே உப்பு இருக்கு. போற ஊர் நாயெல்லாம் வந்து நக்குது. அதுக்கு நான் என்ன செய்ய?"

"கையை இழுத்துக்கிட வேண்டியதுதானே?"

"படி அளக்கிற கையை எங்கே இழுக்கிறது?"

"மனசிருந்தா இழுக்கலாம்."

அதற்குமேல் பேசினால் அடித்துவிடுவோம் என்று தோன்றியது அவளுக்கு. கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். உள்ளே செவலை கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு கிடந்தது. பார்க்காத அந்தக் கறுப்புக் குட்டி அதன் கண்ணுக்குள் வளர்ந்துகொண்டே போனது. ஒரு சமயம் அதற்குக் கருவாடு கிடைத்தது. ஒரு சமயம் அது ஒச்சாயி மடியிலேயே படுத்திருந்தது. செவலைக்கு அன்று கஞ்சி இறங்கவில்லை.

ஐப்பசி முதல் வாரம் வானம் கறுத்தது. மழைக்கு முன்னால் ஒரு நடை போய்வந்துவிடலாம் என்று ஒச்சாயி தலையில் கூடையை வைத்தாள். இரண்டு கையும் மேலே. செவலை அடக்கமாக உட்கார்ந்திருந்தது. நம்பிக் கதவைத் திறந்தாள்.

செவலை பாய்ந்தது. ஆனால் தெருவில் நிற்கவில்லை. கள்ளி வேலிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அவள் கத்தினாள், திட்டினாள், எந்தப் பக்கம் போனது என்றே தெரியாமல் கூடையோடு ஓடினாள். ஓடின அவசரத்தில் கதவைச் சாத்தவில்லை. கத்திக்கொண்டே பக்கத்து ஊர்வரை போய்விட்டாள். செவலை வேலிக்கு வேலி பதுங்கிப் பின்னாலேயே போனது.

அந்த ஊர் எல்லையில் மூச்சு வாங்கிக் கூடையை இறக்கினாள். வழக்கமான நாய்கள் ஓடிவந்து கையை நக்கின. கடைசியாக அந்தக் கறுப்புக் குட்டி வந்தது. ஒரு காது கிழிந்து, எலும்பும் தோலுமாய் இருந்தது. அது நக்கவில்லை. அவள் பாதத்தில் தலையை வைத்துப் படுத்தது. ஒச்சாயி குனிந்தாள். அதன் தலையை ஒரே ஒருமுறை தடவிக் கொடுத்தாள்.

அதைச் செவலை பார்த்துவிட்டது.

பிறகு என்ன? ஒரே ரகளை. முடி பறந்தது, செவலையின் காது கிழிந்தது, உப்புக் கூடை கவிழ்ந்தது. ஒச்சாயி நடுவில் புகுந்து கடியும் வாங்கிக்கொண்டு, செவலையைக் கழுத்தைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துவந்தாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

வீட்டு வாசலில் பன்னிரண்டு ஆடுகள் நின்றன. ஓலைப்பெட்டிகளை உள்ளேயிருந்து இழுத்து முற்றத்தில் கவிழ்த்திருந்தன. பெட்டி ஓலையைக்கூட விட்டுவைக்கவில்லை.

"கதவு தெறந்து கெடந்துச்சு, ஆத்தா. கூப்பிட்ட மாதிரியே இருந்துச்சு" என்றது ஒரு கிடா, வாய் நிறைய ஓலையோடு.

தின்றது கொஞ்சந்தான். மிச்சத்தை மழை எடுத்துக்கொண்டது. வெள்ளைக் குவியல் கண்ணெதிரே கரைந்து வாய்க்காலாக ஓடியது. ஒச்சாயி இரண்டு கையாலும் அள்ளினாள். விரலிடுக்கில் தண்ணீர்தான் நின்றது.

கத்தாமல், திட்டாமல் வெறுங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். செவலைக்கு அதுதான் பயமாக இருந்தது. "போயிரு. இந்த வீட்டுலே உனக்கு இனி சோறு இல்லே. எனக்கே இல்லே" என்றாள்.

"போகமாட்டேன், ஆத்தா. இனி உன் வார்த்தை இல்லாம வாசலைத் தாண்டமாட்டேன்."

"இதையே முன்னாடியும் கேட்டாச்சு."

"முன்னாடி கருவாட்டுக்காக உக்காந்தேன். கருவாடு தின்னா தீர்ந்துபோகும். வயித்தெரிச்சல் தீரலியே! நீ எங்கே போனே, யாரைத் தொட்டேன்னு தெரியாம உள்ளே கெடக்க என்னாலே முடியலே. ஒண்ணு மட்டும் கொடு. திரும்பி வந்ததும் வாசல்லே நில்லு. கை, கால், சேலை எல்லாத்தையும் நான் மோந்து பார்த்துக்கிடுறேன். அது போதும். சாகிறவரைக்கும் உள்ளேயே காத்துக் கெடப்பேன்."

ஒச்சாயி நிமிர்ந்தாள். எவ்வளவு நொந்து கிடந்தாலும் பேரம் என்று வந்துவிட்டால் அவள் வேறு ஆள்.

"என் வீட்டு வாசல்லேயே எனக்குச் சோதனையா? கை மட்டும் தர்றேன்."

"காலும் வேணும். அந்தக் குட்டி கால்லேதான் படுத்துச்சு."

"சேலை கிடையாது."

"முந்தி மட்டும்."

"சரி, முந்தி. அதுக்கு நீ என்ன தருவே? வாசலைத் தாண்டாம இருக்கிறது ஏற்கெனவே நீ எனக்குப் பட்ட கடன். அதை இதிலே சேர்க்காதே."

செவலை விழித்தது. "என்கிட்டே என்ன இருக்கு?"

"பேச்சு இருக்கு. அன்னாடம் நான் களைச்சு வருவேன். நீ மோந்து பார்த்துட்டு 'அது யாரு, இது யாரு'ன்னு ஊர் கேக்க என் மானத்தை வாங்குவே. அது எனக்கு ஆகாது. மோந்துக்கோ. ஆனா அப்புறம் ஒரு வார்த்தை வரக்கூடாது. உன் பேச்சைக் குடு, என் வாசத்தைத் தர்றேன்."

புத்தியுள்ள நாய் ஒருநாள் யோசித்திருக்கும். செவலை யோசிக்கவில்லை. அவ்வளவு எரிச்சல் அதன் வயிற்றில்.

"எடுத்துக்கோ" என்றது. அதுதான் செவலையும் நாய்ச்சாதியும் பேசிய கடைசி வார்த்தை.

அந்த மழைக்காலம் முழுக்க ஒச்சாயி களையெடுக்கவும் நெல் குத்தவும் கூலிக்குப் போனாள். கதவைத் திறந்தால் செவலை எழும், நிற்கும், அவள் முகத்தைப் பார்க்கும். அவள் தலையசைக்காமல் ஒரு கால்கூட வெளியே வைக்காது. ஆடுகள் அந்தப் பக்கமே வருவதை விட்டுவிட்டன.

ஒருநாள் திரும்பி வந்து கையை நீட்டினாள். செவலை மோந்தது. கால், முந்தி, மறுபடியும் கை. அந்த இடத்திலேயே மூக்கு நின்றுவிட்டது. கறுப்புக் குட்டி அன்று வழியில் வந்திருந்தது. அவளும் தடவியிருந்தாள். செவலை தலையைத் தூக்கி அவளையே பார்த்தது.

"என்னடா பாக்குறே? திட்டேன், திட்டித் தொலையேன்!" என்றாள் ஒச்சாயி. திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு திட்டிவிட்டுச் சோறு பொங்கியிருப்பாள். அது பார்த்துக்கொண்டே இருந்தது. அவளால் அந்தக் கண்ணோடு பேரம் பேச முடியவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து, அதன் கிழிந்த காதை நீவிக்கொண்டே, அந்தக் குட்டியைப் பற்றி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அன்று முதல்தான், வெளியே போய்வந்த மனிதரை நாய் கையும் காலும் மோந்து பார்த்த பிறகே உள்ளே விடுகிறது. எங்கே வேறொரு நாயின் வாசம் அடித்தாலும், ஒன்றும் பேசாமல் அப்படிப் பார்க்கிறது. குட்டி நாய்க்கு மட்டும் அந்தப் பேரம் தெரியாது. அதனால்தான் அது கதவு திறந்ததும் ஓடுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் அதனோடு உட்கார்ந்து, அந்தப் பேரத்தை முதலிலிருந்து பேசி முடிக்க வேண்டியிருக்கிறது.