வால்வ் ஆம்ப்புக்கு ஜோடி

அருளப்பன் சார் மூன்றாவது கிட்டாரோடு மாடியேறி வந்தபோது, சங்கமித்ரா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இதுவும் ஒத்துவரலைன்னா நான் என்னதான் செய்யறது?" என்றார். மூச்சு வாங்கியது. ஆனாலும் குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

கேட்காமல் என்ன செய்யும்! திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெறும் வரைக்கும் பி.டி. வாத்தியாராக இருந்தவர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு, அந்தக் கோடியில் ஓடுகிறவளிடம் ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர். அப்படி லேஸ் அவிழ்ந்து ஓடியவர்களில் சங்கமித்ராவும் ஒருத்தி. இப்போது அவள் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறாள், அவர் கற்றுக்கொள்கிறார். அவள் அவரை 'சார்' என்கிறாள். அவர் அவளை 'டீச்சர்' என்கிறார். புதிதாக யாராவது வந்து பார்த்தால் யாருக்கு யார் வாத்தியார் என்று தலையைச் சொறிய வேண்டியதுதான்.

"எது ஒத்துவரலை சார்?"

"ஜோடிதான். அந்த ஆம்ப்புக்கும் கிட்டாருக்கும் ஜோடி சேரலை. முதல் கிட்டார் கத்துச்சு. ரெண்டாவது அதைவிடக் கத்துச்சு. இதை என் மச்சானோட பையன்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்திருக்கேன். நீங்களே சொல்லுங்க. இந்த ஆம்ப்புக்கு எந்த கிட்டார்தான் ஜோடி?"

அறையின் மூலையில் அந்த ஆம்ப்ளிஃபையர் உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் பழுப்புத் துணி, மேலே தோல் கைப்பிடி, உள்ளே பழைய ரேடியோவில் இருந்த மாதிரி கண்ணாடி வால்வுகள். அந்தக் காலத்து மாடலைப் பார்த்துப் புதிதாகச் செய்தது. வால்வ் ஆம்ப்பில் சத்தம் இதமாக வரும் சார், மெல்லிசான குரலுக்கு அதுதான் பொருத்தம் என்று கடைக்காரர் சொன்ன ஒரே வார்த்தையை நம்பி அவர் வாங்கியது.

மெல்லிசான குரல் அவர் மனைவி பிலோமினாவுடையது. ஒரு காலத்தில் மெல்லிசு இல்லை. கோவில் பாடற்குழுவில் அந்த அம்மாள் பாட ஆரம்பித்தால் பின்வரிசையில் கொட்டாவி விடுகிறவன்கூட வாயை மூடிக்கொள்வான். தைராய்டுக்காகக் கழுத்தில் ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, குரல்தான் இளைத்துவிட்டது. பேசினால் நடுநடுவே நின்று மூச்சு வாங்கிப் பேச வேண்டும். பாட்டு அதோடு போயிற்று. போன டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேரல் குழு வீட்டுக்கு வந்து, "பிலோமினா அக்கா, முதல் பாட்டு நீங்க" என்றபோது அருளப்பன்தான் முந்திக்கொண்டு, "அவளால முடியாதுப்பா, நீங்களே பாடுங்க" என்றார். அந்த அம்மாள் திரைச்சீலையைப் பிடித்தபடி உள்ளேயே நின்றுவிட்டாள்.

அன்றைக்கு அந்தத் திரைச்சீலையைப் பார்த்தாரே, அதிலிருந்துதான் அவருக்கு இந்தப் பைத்தியம். தான் மெதுவாக கிட்டார் வாசித்தால் அவள் கூடச் சேர்ந்து பாடிவிடுவாள் என்று ஒரு ஆசை. அவளுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு ஒன்றை விடாமல் பயிற்சி செய்தார். ஆனால் அவர் கிட்டாரை எடுத்தாலே பிலோமினா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அது அவர் நெஞ்சை அறுத்தது.

"ஆம்ப்பைப் போடுங்க சார்," என்றாள் சங்கமித்ரா.

போட்டார். உடனே கம்பியில் கை வைத்தார்.

"சூடாகட்டும்."

"விளக்குதான் எரியுதே?"

"விளக்கு எரியுது. வால்வ் இன்னும் சூடாகலை."

அருளப்பன் கையைக் கட்டிக்கொண்டார், அவிழ்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஆம்ப்பின் பின்புறம் குனிந்து எட்டிப் பார்த்தார். வால்வுகளுக்குள் ஆரஞ்சு நிறத்தில் சின்னதாக என்னவோ எரிந்துகொண்டிருந்தது. விசில் கையில் இருந்திருந்தால் ஊதியே இருப்பார்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. பிலோமினா.

"சொல்லு பிலோ... ம்... பால்தானே? புரிஞ்சிடுச்சு, வாங்கிட்டு வரேன். நீ தொண்டையை வருத்திக்காதே, வை."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார். "பாவம் டீச்சர், ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள திண்டாடிப் போயிடறா. அதனால நான் பாதியிலேயே பிடிச்சுக்குவேன். அவளுக்கு மிச்சமே வைக்கறதில்லை."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு வாஞ்சை இருந்தது.

சங்கமித்ரா ஆம்ப்பின் மேல் கை வைத்துச் சூட்டைப் பார்த்தாள். "இப்ப வாசிங்க," என்றாள்.

வாசித்தார். வாசித்தார் என்றா சொன்னேன்? டிரில் நடத்தினார். ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று ஒவ்வொரு கம்பியாக அடித்துக்கொண்டே போனார். எந்தச் சத்தமும் வரிசையை விட்டு விலகவில்லை. கிட்டார் அட்டென்ஷனில் நின்றது.

"கேட்டீங்களா? கத்துது!" என்றார்.

அவள் கிட்டாரை எட்டிப் பார்த்தாள். அதிலிருந்த சத்தக் குமிழ் கடைசிவரை திருகியிருந்தது. ஆம்ப்பின் குமிழோ மூடாத குறை. எப்போதும் அப்படித்தான் வைப்பார். கையில் இருப்பதை முழுசாகத் திறந்து, எதிரில் இருப்பதை ஒடுக்கிவிடுவார்.

சங்கமித்ரா கிட்டாரின் குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கினாள். எழுந்து போய் ஆம்ப்பின் குமிழை மேலே, மேலே, இன்னும் மேலே ஏற்றினாள்.

அருளப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஐயையோ டீச்சர்! கீழே பிரசவ ஆஸ்பத்திரி இருக்கு!"

"ஒரே ஒரு கம்பி. விரலால தொடுங்க."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தொட்டார்.

ஒன்றும் இடிந்து விழவில்லை. மெதுவாக ஒரு சத்தம் வந்தது. வந்தது போய்விடாமல் நின்றது. நின்ற இடத்திலேயே கொஞ்சம் பெருத்து, அடியிலிருந்து கரகரப்பாக வேறொன்றைக் கூட்டிக்கொண்டு எழுந்தது. அருளப்பன் கண்ணைத் திறந்தார். "அட!" என்றார். உடனே அடுத்த கம்பியை அடித்துவிட்டார்.

"இன்னும் முடியலை," என்றாள் சங்கமித்ரா.

"எது?"

"திரும்பத் தொடுங்க."

தொட்டார். சத்தம் எழுந்தது. எழுந்து பாதி வருவதற்குள் அவர் விரல் துடித்து அடுத்த கம்பிக்குப் போய்விட்டது.

"இன்னும் முடியலை."

"நான் அடிச்சு முடிச்சிட்டேனே டீச்சர்?"

"நீங்க முடிச்சிட்டீங்க. அது முடிக்கலை."

மறுபடியும் தொட்டார். மறுபடியும் அவசரப்பட்டார். மறுபடியும் அவள் அதையேதான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது அவருக்குத் தெம்பாக இருந்திருக்கும். ஊரையே ஓடவிட்ட மனுஷன், ஒரு கம்பி ஓய்ந்து அடங்கும் வரை சும்மா இருக்க முடியாமல் வியர்த்து விறுவிறுத்துப் போனார்.

கடைசியில் எரிச்சலாகவே கேட்டார். "எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு சொல்லிடுங்க. எண்ணிக்கிறேன்."

"எண்ணினா கேக்காது சார்."

"சரி, எந்த கிட்டார் ஜோடின்னாவது சொல்லுங்க!"

"ஆம்ப்பை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு சாயங்காலம் வந்து சொல்றேன்."

மறுநாள் சங்கமித்ரா போனபோது, அருளப்பன் கூடத்தின் நடுவில் ஆம்ப்பை வைத்து, அதற்கு முன்னால் மூன்று நாற்காலி போட்டு, ஏதோ பரிசளிப்பு விழா மாதிரி ஏற்பாடு செய்திருந்தார். ஆம்ப்பைப் போட்டும் வைத்திருந்தார். "சூடாயிடுச்சு டீச்சர், நான் தொடவே இல்லை!" என்றார் பெருமையாக.

பிலோமினா காபி கொண்டுவந்தாள். ஒல்லியான உடம்பு, பெரிய கண்கள், கழுத்தின் குறுக்கே ஒரு மெல்லிய தழும்பு.

"காபி ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றாள் சங்கமித்ரா.

"பால்தான் அதுக்குக் காரணம்," என்றார் அருளப்பன். "நேத்து நான் வாங்கிட்டு வந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தா உள்ள ஏற்கெனவே ரெண்டு பாக்கெட் இருக்கு! ஏன் பிலோ, இருக்கும்போதே எதுக்கு மறுபடி வாங்கச் சொன்னே?"

பிலோமினா சிரித்தாள். வாயைத் திறந்து, "பால் வாங்க..." என்று ஆரம்பித்து மூச்சுக்கு நின்றாள்.

"மறந்திருப்பா," என்றார் அருளப்பன்.

சங்கமித்ரா டம்ளரைக் கீழே வைத்தாள். "அம்மா, சார் வாசிக்கறது உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிக்காம என்ன?" என்றார் அருளப்பன். "அவளுக்கு அந்தப் பாட்டுன்னா உயிர். கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்தே..."

"இன்னும் முடியலை, சார்."

அருளப்பன் கிட்டாரைப் பார்த்தார். அதன் கம்பி எதையும் அவர் தொட்டிருக்கவில்லை. ஆம்ப் லேசாக உறுமிக்கொண்டு சும்மா இருந்தது.

"நான் இன்னும் அடிக்கவே..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார்.

சங்கமித்ரா அவரைப் பார்க்கவில்லை. அவள் பிலோமினாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிலோமினா இன்னும் வாயைத் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தாள், பால் வாங்க என்ற இடத்திலேயே. அருளப்பன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் அவருக்குப் புதிது இல்லை. இத்தனை நாளும் அவர் பேசிக்கொண்டிருந்தபோதெல்லாம் அந்த முகம் அப்படித்தான், முக்கால்வாசி வந்துவிட்ட ஒரு வார்த்தையோடு, எதிரில் நின்றிருக்கிறது.

வாயை மூடிக்கொண்டார். வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான தேகப்பயிற்சியை அவர் செய்ததில்லை.

"வேண்டாம்னு," என்றாள் பிலோமினா. மூச்சு வாங்கினாள். "பால் வாங்க வேண்டாம்னு... சொல்ல வந்தேன்."

சங்கமித்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிலோமினாவும் சிரித்தாள். அருளப்பனுக்குச் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை.

"பாட்டு?" என்று அவரே கேட்டார். கேட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

பிலோமினா நாற்காலியில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "பாட்டு பிடிக்கும்," என்றாள். நின்றாள். அவர் உதடு அசைந்தது, அடக்கிக்கொண்டார். "ஆனா நீங்க... எடுக்கற இடம்... ரொம்ப மேல."

"நீ எப்பவும் பாடற சுருதிதானே?"

"எப்பவும் பாடினது." கழுத்துத் தழும்பைத் தொட்டாள். "இப்ப மேல... எட்டலை. கீழ இருக்கு. கீழ இருந்து எடுத்தா..." மூச்சு. "நான் பாடுவேன்."

அருளப்பன் அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"குரல் இருக்கா உனக்கு?" என்றார் அருளப்பன். அவர் குரல் ஒரு ஆழாக்குக்கு மேல் தேறாது. "அடுப்படியில..."

"அங்க பாடிக்குவேன். மெதுவா."

"ஏன் பிலோ என்கிட்ட சொல்லலை?"

பிலோமினா அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. பிரியமாகத்தான் பார்த்தாள்.

"சொல்ல ஆரம்பிச்சேன்," என்றாள்.

அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையைத் தேடி, அது கிடைக்காமல், தோளில் கிடந்த துண்டாலேயே துடைத்துக்கொண்டார். பிறகு கிட்டாரை எடுத்து மடியில் வைத்தார். அதன் குமிழை அவரே இறக்கினார். எழுந்து போய் ஆம்ப்பின் குமிழை ஏற்றினார். யாரும் சொல்லவில்லை. எந்தச் சுருதி என்று அவர் கேட்கவும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பிலோமினா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். பழைய குரல் இல்லை அது. தாழ்ந்து, கரகரத்து, மண் சட்டியில் சூடு ஏறுகிற மாதிரி மெல்ல மெல்ல வந்தது. அருளப்பனின் விரல் கம்பி கம்பியாக இறங்கித் தேடி, அவள் நின்ற இடத்தைக் கண்டுபிடித்து, ஒரே ஒருமுறை தொட்டது. ஆம்ப்பின் சத்தம் அவள் குரலுக்கு அடியில் எழுந்தது. இரண்டும் எங்கே பிரிகின்றன என்று தெரியவில்லை.

முதல் அடியின் நடுவில் பிலோமினா சட்டென்று நின்றாள்.

அருளப்பனின் விரல் துள்ளி அடுத்த கம்பிக்கு மேல் வந்துவிட்டது. அந்த வரி அவருக்கு மனப்பாடம். மிச்சத்தை அவரே வாசித்துவிடலாம். விரலை அப்படியே காற்றில் நிறுத்திவிட்டு, சங்கமித்ராவின் பக்கம் சாய்ந்து, மைதானம் பார்த்திராத ஒரு ரகசியக் குரலில் கேட்டார்.

"முடிஞ்சிடுச்சா டீச்சர்?"

"அதை ஏன் சார் என்னைக் கேக்கறீங்க?" என்றாள் சங்கமித்ரா.

அருளப்பன் மனைவியின் பக்கம் திரும்பினார். விரல் கம்பிக்கு மேலேயே நின்றது.