முகாம் இல்லை என்று சொன்ன பக்கம்

பரஞ்சோதி மேசையைக் குத்தியதில் தேநீர்க் குவளை குதித்தது.

"இந்தக் கம்பெனிக்காரனையெல்லாம் சும்மா விடக்கூடாது மேடம். மென்பொருள்னு பெரிசா விக்கிறான். ஒரு லிங்க்கை உருப்படியா ஒரு ஃபைல்லேருந்து இன்னொரு ஃபைலுக்குக் கொண்டுபோகத் துப்பில்லை."

எதிரில் இருந்த திலகவதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அவர் ஐம்பதைத் தாண்டியவர். பள்ளியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு இந்த அறக்கட்டளைக்கு வந்தார். கையேடுகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் வேலையை அவளிடம் கற்றுக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அவர்களைக் குரு, சீடர் என்று கேலி பேசுவார்கள். நாளடைவில் அந்தக் கேலியே பட்டமாக ஒட்டிக்கொண்டது.

விஷயம் இதுதான். ரத்தம் உறையாத குறைபாடுள்ள பிள்ளைகளுக்குத் தூத்துக்குடியில் இலவச ஊசி முகாம். பெயர் பதிய இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. அன்று மாலை ஐந்து மணியோடு பதிவு முடிகிறது. அந்தப் பக்கத்தின் சுட்டியோடு பெற்றோருக்கு அனுப்பிய கையேட்டைத் தயாரித்தவர் பரஞ்சோதி. மதியம் விளாத்திகுளத்திலிருந்து சீனியம்மாள் என்ற தாய் கூப்பிட்டாள்.

"ஐயா, நீங்க அனுப்புனதைத் தொட்டா 'உங்கள் மாவட்டத்தில் முகாம் இல்லை'ன்னு வருது. நமக்குக் குடுத்துவச்சது அவ்வளவுதான்னு போன வாரமே விட்டுட்டேன். இப்ப எங்க தெருவுல ஒருத்தி, முகாம் இருக்குங்கா. எதுய்யா நெசம்? பிள்ளைக்கு முட்டி வீங்கிக் கிடக்கு."

அவள் மகன் பெயரை அவரே பதிந்து கொடுத்தார். அதை முடித்துவிட்டுத்தான் மேசையைக் குத்தினார்.

"யார் தப்புன்னு கண்டுபிடிச்சு, நறுக்குன்னு நாலு வார்த்தை எழுதாம விடமாட்டேன்."

"கண்டுபிடிங்க" என்றாள் குரு. "முதல்ல எழுதின ஃபைலைத் திறங்க."

திறந்தார். சுட்டியின் நடுவில் & குறி. அதற்கு முன்னால் மாவட்டம், பின்னால் முகாமின் எண். சரியாக இருந்தது.

"அடுத்தது."

வேர்ட் கோப்பு. அதிலும் சரி.

"அடுத்தது."

இணையப் பக்க வடிவம். இதில் & குறிக்குப் பின்னால் ஏ, எம், பி என்று மூன்று எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"மாட்டினான் பாருங்க!" என்று கத்தினார் சீடர்.

"யாரும் மாட்டலை. இந்த வடிவத்துல அந்தக் குறிக்கு வேற வேலை இருக்கு. குழம்பிடக் கூடாதுன்னு இப்படி மூடி போட்டுத்தான் வைக்கணும். திறக்கும்போது பிரவுசரே மூடியை எடுத்துடும். அடுத்தது."

அடுத்தது பெற்றோருக்குப் போன கையேட்டுக்கு முந்தைய கோப்பு. அதில் அந்த மூன்று எழுத்துகளும் இரண்டு முறை இருந்தன. மூடிக்கு மேல் இன்னொரு மூடி. ஒன்றை எடுத்தாலும் மற்றது நிற்கும். முகாமின் எண் போய்ச் சேராது. எண் கிடைக்காத பக்கம், பிழை என்று சொல்லாமல், வெகு மரியாதையாக 'முகாம் இல்லை' என்று சொல்லிவிடும்.

"இந்த ரெண்டாவது மூடியைப் போட்டது யாரு?"

அந்த இரண்டு கோப்புகளுக்கும் நடுவில் இருந்தது ஒரு சின்ன நிரல். அவரே எழுதியது. எல்லாச் சுட்டியையும் பிடித்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஒருமுறை மூடி அனுப்பும். ஏற்கெனவே மூடியிருக்கிறதா என்று பார்க்காது. இந்தக் கதையைச் சொல்லும் எனக்கே எரிச்சலாக வருகிறது. இந்தத் தொழிலுக்குள் வருகிற எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற காரியம். செய்துவிட்டு, பத்திரமாகச் செய்தோம் என்று நிம்மதியாகத் தூங்குவார்கள்.

"என்னைச் செருப்பால அடிச்சுக்கணும் மேடம்."

"வீட்டுக்குப் போய் அடிச்சுக்கங்க." அவள் குரல் அன்றைக்கு முதல் தடவையாக உயர்ந்தது. "இப்ப என்ன செய்யப்போறீங்க?"

"சரிபண்ணி, புதுக் கையேட்டை எல்லாருக்கும் அனுப்பிடறேன். பத்து நிமிஷ வேலை."

"யாரு திறப்பா?"

"பெத்தவங்கதான் மேடம்."

"முகாம் இல்லைன்னு ஒரு தடவை படிச்சவங்க, அதே கையேட்டை மறுபடி எதுக்கு சார் திறக்கப்போறாங்க? சீனியம்மாளுக்குச் சொல்றதுக்குத் தெருவுல ஒருத்தி இருந்தா. மத்தவங்களுக்கு?"

தொலைபேசியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பெற்றோர் எண்களைத் திரையில் திறந்துவிட்டாள்.

சீடர் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். சிலர் நன்றி சொன்னார்கள். அது அவருக்கு அடி வாங்குவதைவிட வலித்தது. எட்டயபுரத்திலிருந்து ஒரு தகப்பன் பிடித்துக்கொண்டார்.

"முகாம் இல்லைன்னு நீங்கதானய்யா போட்டீங்க? பிள்ளை ராத்திரியெல்லாம் கத்துறான். எவன்யா அதைப் போட்டது?"

மென்பொருள் என்ற சொல் அவர் வாய்வரை வந்தது. திலகவதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க" என்றார். "திட்டுங்க, கேட்டுக்கிறேன். அதுக்கு முன்னால பிள்ளை பேரைச் சொல்லுங்க, நேரம் போகுது."

தகப்பன் பெயரைச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டினார்.

கடைசியாகக் கயத்தாறு பக்கம் ஒரு வீடு. மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தார். ஐந்து மணிக்குப் பதிவுப் பக்கம் மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து அந்த எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது.

"யாருங்க? காட்டு வேலையில இருந்தேன். ஃபோனு வீட்டுல கிடந்துச்சு." ஒரு பெண் குரல்.

சீடர் விவரத்தைச் சொன்னார். மறைக்காமல் சொன்னார்.

"அப்ப முகாம் இருந்துச்சாய்யா?" என்று மட்டும் கேட்டாள்.

"இருந்துச்சும்மா."

அவள் வைத்துவிட்டாள். பரஞ்சோதி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"நான் ஒன்னும் கண்ணை மூடிக்கிட்டு அனுப்பலை மேடம்! எல்லா லிங்க்கும் திறக்குதான்னு சோதனைக் கருவியில போட்டுப் பார்த்தேன். எல்லாத்துக்கும் பச்சை. ஒன்னுகூடச் சிவப்பு இல்லை. அதுக்கு மேல நான் என்னதான் செய்யணும்? சொல்லுங்க!"

திலகவதி விழுந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தினாள்.

"கருவி பொய் சொல்லலை சார். பக்கம் திறந்துச்சு, பச்சை காட்டிடுச்சு. அங்க என்ன எழுதியிருக்குன்னு அது எதுக்குப் படிக்கணும்? அதுக்கென்ன பிள்ளையா இருக்கு?"