துரை பங்களா ஒயின் அலமாரி

குன்னூர் தோட்டத்துப் பங்களாவில் அந்த ஒயின் அலமாரி இன்னும் நிற்கிறது. வெள்ளைக்காரத் துரை காலத்தில் அதன் கதவுகள் சேராமல் ஏறி இறங்கி நின்றன.

அதன் சாவியை வைத்திருந்த பட்லர் தாமோதரம், தச்சர் மருதையா ஆசாரியைத் துரை முன்னாலேயே அதட்டினார். "கதவை இழைக்காம, கீலைத் தொடாம சேர்த்துக் காட்டு. இல்லேன்னா தோட்டத்துல உனக்கு வேலை இல்லை!"

பட்லர் மூச்சில் வீசிய ஒயின் வாசனை ஆசாரிக்குப் புரிந்தது.

"கதவு நேர்தானுங்க, தரைதான் சாய்வு. அலமாரியோட ஒரு காலுக்கு அடியில அண்டை கொடுக்கணும். மெழுகுத் தரையில மரத்துண்டு வழுக்கும். பாட்டில் தக்கை இருக்குங்களா?"

பட்லர் சட்டென்று கோட்டுப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். ஆசாரி சீவிச் செருகினார். கதவுகள் கச்சிதமாகச் சேர்ந்தன.

"பிரமாதம்!" என்றார் துரை. "இந்த அலமாரியில நான் இன்னும் ஒரு பாட்டில்கூடத் திறக்கலையே தாமோதரம், தக்கை ஏது?"

அன்றைக்கே பட்லர் மலையிறங்கினார். தக்கை மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது.