சருகி போட்ட புத்தகம்

ஆனைமடுக் குளத்தங்கரையில் சருகி என்றொரு சருகுமான் இருந்தது. முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியது. சாய்ந்து கிடந்த ஒரு மருத மரத்தின் பொந்துதான் அதன் வீடு.

குட்டியாக இருந்தபோது சருகிக்கு இடி என்றால் உயிரே போய்விடும். தாய் மேயப் போயிருக்கும். வாய்விட்டு அழவும் முடியாது. அழுகைச் சத்தம் கேட்டால் சிறுத்தை வந்துவிடும்! அதனால் பொந்துக்குள் சுருண்டு கிடந்து, தனக்குத்தானே ஒரு கதை சொல்லிக்கொள்ளும்.

ஒரு நத்தை மலை ஏறுகிறது. வழியெல்லாம் கேலி. "மெல்லத்தான் போவேன், ஆனாலும் போய்விடுவேன்!" என்கிறது நத்தை. உச்சியில் ஒரு கறுத்த மேகம் உம்மென்று உட்கார்ந்திருக்கிறது. நத்தை தன் குட்டிக் கொம்புகளை நீட்டி, அதன் வயிற்றில் கிச்சுகிச்சு மூட்டுகிறது. மேகம் கடகடவென்று சிரிக்கிறது. அந்தச் சிரிப்புதான் இடி! சிரித்துச் சிரித்துக் கண்ணில் வழிந்த தண்ணீர்தான் மழை!

சருகி வளர்ந்தது. கதையும் கூடவே இருந்தது. ஒரு கோடையில் முதல் இடி விழுந்தபோது பக்கத்து வளையில் முயல்குட்டிகள் வீறிட்டன. 'இந்தக் கதையைப் படம் போட்டுப் புத்தகமாக்கினால் என்ன?' என்று சருகி நினைத்தது.

அந்தக் காட்டில் புத்தகம் போடுபவர் மயிலார் ஒருவர்தான். சருகி அவரிடம் போய்க் கதையைச் சொன்னது.

மயிலார் கழுத்தைச் சாய்த்துக் கேட்டார். "கதை பரவாயில்லை, அம்மா. ஆனால் நத்தையா? நத்தையை யார் பார்ப்பார்கள்? யானையாக மாற்று! தும்பிக்கையை நீட்டி மேகத்தை ஒரு இடி இடிக்கட்டும். போட்டுவிடலாம்!"

"நத்தைதான் ஐயா கதையே!"

"அப்படியானால் நீயே போட்டுக்கொள்!" என்று மயிலார் தோகையைத் திருப்பிக்கொண்டார்.

சருகிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையே காதில் ஒலித்தது. நீயே போட்டுக்கொள்! குளத்தை நெருங்கும்போது அது சட்டென்று நின்றது. "ஏன், போட்டால் என்ன?"

தன் தோழன் டொக்கன் என்ற மரங்கொத்தியிடம் ஓடியது. "டொக்கா, மரத்தில் படம் செதுக்கித் தருவாயா? அதில் சாயம் தடவி இலையில் ஒற்றிக்கொள்கிறேன்."

"புழு தேடிக் கொத்திக் கொத்தி அலுத்துப் போயிருக்கிறேன். படமா? கொண்டு வா!" என்றது டொக்கன்.

சருகி மந்தாரை இலைகளைப் பொறுக்கிக் காயவைத்தது. தேக்கங்கொழுந்தை மென்று சிவப்பு எடுத்தது. காட்டு மஞ்சளில் மஞ்சள், நாவல் பழத்தில் ஊதா. இலைகள் நனையக் கூடாதே என்று பொந்து முழுக்க அடுக்கிவிட்டுத் தான் வெளியே புதரடியில் படுத்தது. சிறுத்தை உலாவும் இடம். அரைக்கண் மூடித்தான் தூங்கியது. மற்ற மான்கள் நெல்லி பொறுக்கிக் கொழுத்தன. சருகிக்கு விலா எலும்பு தெரிந்தது.

டொக்கன் இலவங்கட்டையில் நத்தையை அழகாகச் செதுக்கியது. கீழே எழுத்துகளையும் செதுக்கியது. சருகி ஆசையோடு ஒற்றி எடுத்தது. ஒன்று, இரண்டு என்று நிறுத்தாமல் பொந்தில் இருந்த இலைகளில் பாதியை ஒற்றி முடித்த பிறகுதான் படித்துப் பார்த்தது.

எழுத்தெல்லாம் இடவலம் மாறிக் கிடந்தது!

"ஐயோ! நான் நேராகத்தானே செதுக்கினேன்!" என்று டொக்கன் தலையில் அடித்துக்கொண்டது.

"நேராகச் செதுக்கினால் ஒற்றும்போது திரும்பிவிடுகிறது. இது கூடத் தெரியாமல் புத்தகம் போடப் புறப்பட்டேனே!" சருகி அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிறகு தாகத்துக்குக் குளத்தில் வாய் வைக்கப் போனது. எதிர்க்கரையில் நின்ற கொக்கு, தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தது.

சருகி துள்ளி எழுந்தது. "டொக்கா! நீ நேராகச் செதுக்கிய கட்டையைக் கரையில் பிடிக்கிறேன். தண்ணீரில் தெரிவதைப் பார்த்து அப்படியே செதுக்கு! தலைகீழாகத் தெரிந்தாலும் அது திரும்பின எழுத்துதான். ஒற்றி, இலையைச் சுற்றிப் பிடித்தால் நேராகிவிடும்!"

டொக்கன் புதுக்கட்டையைக் கொத்தத் தொடங்கியது. முதல் இலையைச் சருகி கட்டையிலிருந்து மெல்ல உரித்துச் சுற்றிப் பிடித்தது. 'மெல்லத்தான் போவேன், ஆனாலும் போய்விடுவேன்!' ஒவ்வொரு எழுத்தும் நேராக நின்றது! இரண்டும் கரையைச் சுற்றிச் சுற்றி ஆடின. பிறகு பக்கத்துக்கு ஒரு கட்டையாகச் செதுக்கி ஒற்றி, இலைகளை நாரால் தைத்துப் புத்தகங்களாக்கின.

குளக்கரைத் திருவிழா வந்தது. மயிலார் கடையில் புலிக்கதைப் புத்தகங்கள் பளபளத்தன. கூட்டம் அங்கேதான். சருகி ஒரு பாறையில் தன் புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

உச்சிப் பொழுது தாண்டியதும் வானம் இருண்டது. இடி இடித்தது! குட்டிகள் எல்லாம் கதறின. மயிலார் அவசரமாக ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினார். உறுமும் புலியைக் கண்டதும் கதறல் இரண்டு மடங்காயிற்று. பொம்மி என்ற யானைக்குட்டி தாயின் காலுக்கிடையில் புகுந்துகொண்டு வெளியே வர மறுத்தது.

சருகி புத்தகத்தோடு அதன் முன்னால் போய் நின்றது. "அந்த மேகம் ஏன் சிரிக்கிறது தெரியுமா?"

"சிரிக்கிறதா?" பொம்மி ஒரு கண்ணைத் திறந்தது.

சருகி பக்கம் பக்கமாகப் புரட்டிக் கதை சொன்னது. நத்தை கிச்சுகிச்சு மூட்டிய இடம் வந்தபோது மறுபடி இடி இடித்தது. பொம்மி விழுந்து விழுந்து சிரித்தது. முயல்குட்டிகள் சிரித்தன. குரங்குக்குட்டிகள் கைகொட்டின. "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!"

மயிலார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "நன்றாக இருக்கிறது! இருந்தாலும் அங்கே ஒரு யானை இருந்திருந்தால்..."

"யானை இடித்தால் வலிக்கும்!" என்று பொம்மி குறுக்கே கத்தியது. "நத்தை தொட்டால்தான் கூசும்! இது கூடத் தெரியாதா?"

கூட்டமே கொல்லென்று சிரித்தது. மயிலார் தோகையைச் சுருட்டிக்கொண்டார்.

மழை விழுவதற்குள் பாறை காலியாகிவிட்டது. ஒவ்வொரு தாயும் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, கைநிறைய நெல்லியும் இலந்தையும் வைத்துவிட்டுப் போனாள். சருகி வயிறாரத் தின்றது, டொக்கனுக்கும் ஊட்டிவிட்டது. மறுநாளே மலைக்கு அப்பாலிருந்து குரங்குகள் வந்து, "எங்கள் காட்டுக்கும் வேண்டும்!" என்று நின்றன. அவற்றின் பின்னால் மயிலாரும் வந்து நின்றார்.

"என் குஞ்சுகள் கேட்கின்றன. ஒன்று கிடைக்குமா, அம்மா?"

"தாராளமாக ஐயா! சாயம் காயட்டும், தருகிறேன்" என்றது சருகி, இலையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

தன் கதையை நம்பித் தானே உழைப்பவர், பிறர் கதவு திறக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.