எழுதக்கூடாதவை

"இனிமேல் நான் மருந்தே எழுதப் போறதில்லை, மேடம்."

டாக்டர் எழில்மாறன் அம்பாசமுத்திரத்தில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தார். அவர் தேடி வந்திருந்த மெஹருன்னிசா, மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் நடத்துபவர். இவரைவிடப் பத்து வயது இளையவர். ஒருமுறை அவருடைய வகுப்பில் உட்கார்ந்ததிலிருந்து, எழில்மாறனுக்கு அவர்தான் குரு.

"என்ன ஆச்சு?"

"சொர்ணம்னு ஒரு அம்மா. தையல் வேலை. காலில் சீழ். பென்சிலின் ஆகாதுன்னு சொன்னாங்க. அதுக்குப் பதிலா செஃபலெக்சின் மாத்திரை கொடுத்தேன். கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு அடைச்சிருச்சு. ஊசி போட்டுக் காப்பாத்திட்டேன். இப்போ வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கு."

மெஹருன்னிசா கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார்.

"நான் பென்சிலின் கொடுக்கலையே, மேடம்! வேற மருந்துதானே?"

"வேற பேர். ஆனா ரெண்டும் சொந்தக்காரங்க. ஒண்ணு ஆகலைன்னா இன்னொண்ணும் ஆகாம போகலாம்."

எழில்மாறன் தலையைக் குனிந்துகொண்டார். அது அவருக்குத் தெரியாததா? பாடத்தில் படித்ததுதான். அன்றைக்கு வாசலில் கூட்டம்; அவசரத்தில் யோசிக்கவில்லை.

"எந்த மருந்தால் வந்துச்சுன்னு அந்த அம்மாவுக்குத் தெரியுமா?"

"என் வக்கீல் அவங்களோட பேசவே கூடாதுன்னுட்டார்."

"அடுத்த மாசம் அவங்களுக்குப் பல்வலி வந்து, வேற டாக்டர் இதையே எழுதிட்டா?"



மெஹருன்னிசா மேசையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்து நீட்டினார்.

"மருந்து எழுத வேண்டாம். எழுதக்கூடாததை எழுதுங்க."

மறுநாள் காலை எழில்மாறன் சொர்ணத்தின் வீட்டுக் கதவைத் தட்டினார். கணவர் பிச்சைமணி வந்து வழியை அடைத்து நின்றார்.

"கேஸை வாபஸ் வாங்கச் சொல்லி வந்திருக்கியளா?"

"இல்லை. கேஸ் நடக்கட்டும்."

"பின்னே?"

"பென்சிலின் ஆகாதுன்னு அவங்க என்கிட்ட சொன்னாங்க. நான்தான் யோசிக்காம எழுதிட்டேன். தப்பு என்னோடது. இந்த அட்டையை அவங்ககிட்ட கொடுக்கணும்."

பிச்சைமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். விலகி நின்றார்.

சொர்ணம் தையல் மிஷினை நிறுத்திவிட்டு அட்டையை வாங்கினாள். 'பரிசோதித்துப் பார்க்கும்வரை எனக்கு இவற்றைக் கொடுக்கக் கூடாது' என்று மேலே பெரிதாக இருந்தது. கீழே பென்சிலின், அமாக்சிசிலின், ஆம்பிசிலின், செஃபலெக்சின், செஃபக்ளோர். விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். தடுமாறிய இடத்தில் எழில்மாறன் சொல்லிக் கொடுத்தார்.

"எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல இதைக் காட்டுங்க. கடையிலயும் காட்டுங்க."

அவள் அட்டையை மடிக்காமல் ரவிக்கைத் துணிகளுக்கு மேல் வைத்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எம் மவளுக்கும் போன வருசம் ஏதோ மருந்து குடிச்சு ஒடம்பெல்லாம் தடிச்சுது. அவளுக்கும் ஒண்ணு எழுதித் தருவியளா?"

பிச்சைமணி சட்டென்று மனைவியைப் பார்த்தார். உள்ளே போய் நாற்காலியை எடுத்து வந்து போட்டார்.

எழில்மாறன் உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். பிறகு அதைச் சட்டைப் பையிலேயே செருகிக்கொண்டார்.

"எழுதறது அப்புறம். என்ன நடந்துச்சுன்னு முதல்ல சொல்லுங்கம்மா. நான் கேக்கறேன்."