கட்டுப் போட்ட கால்

"சாமி, ரெண்டு பேர்ல எவனை முதல்ல எடுக்கட்டும்? நாளைக் காலைல பத்து மணிக்குச் சொல்லியாகணும்."

வந்ததும் வராததுமாகக் கேட்டார் மாசிலாமணி. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

சாமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு வாய்யா. கீரையும் எங்கேயும் ஓடாது, உன் பையன்களும் ஓட மாட்டாங்க."

மாசிலாமணி ஒரு கபடி அணியின் பயிற்சியாளர். ஐம்பத்தாறு வயது. அவர் அணி இந்த வருஷம் ஆடிய இருபது ஆட்டத்தில் பதினாறில் மண்ணைக் கவ்வியது. அந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. கல்லூரிப் பையன்களைப் பங்குபோடும்போது, கடைசியாக வந்த அணிதான் முதல் ஆளைப் பொறுக்கலாம். தோற்றவனுக்குப் போடும் பிச்சை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தப் பிச்சையைக்கூட ஒழுங்காக வாங்கத் தெரியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். மனுஷனுக்குக் கபடியை விட்டால் வேறு பிழைப்புத் தெரியாது.

சாமியும் ஒரு காலத்தில் கபடிக்காரர்தான். வீரபெருமாள் என்று பேர். மாசிலாமணி ஆடிய அணிக்கு அவர்தான் கேப்டன். இப்போது காவி கட்டிக்கொண்டு, குன்றடியில் இருக்கும் இந்தச் சின்ன மடத்தில் ஒற்றை ஆளாகக் கிடக்கிறார்.

பன்னிரண்டு வருஷமாக, மனசு சரியில்லை என்றால் மாசிலாமணிக்கு இந்த இடம்தான். சாவு, சண்டை, பெண் கல்யாணம் என்று எல்லாவற்றையும் இங்கே கொட்டியிருக்கிறார். கபடியைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவை.

"யாரு அந்த ரெண்டு பேர்?"

"குணாளன், சேவியர். ரெண்டு பேரும் கபடி கபடின்னு பாடிப் போற பையன்கள்."

"குணாளன் எப்படி?"

"உழவு மாடு மாதிரி. எதிராளி கோட்டுக்குள்ள போனான்னா ஒருத்தனைத் தொட்டுட்டுத்தான் வருவான். ஒருத்தன்தான். ரெண்டாவது ஆள் கிடையாது."

"சேவியர்?"

இரண்டு நாளாகச் சுருங்கிக் கிடந்த மாசிலாமணியின் முகம் விரிந்தது.

"அவன் வேற ரகம் சாமி. மூணு பேர் மேல விழுந்தாலும் உருவிட்டு வந்துடுறான். அவன் மட்டும் கைல இருந்தா வர்ற வருஷம் கோப்பை நமக்குத்தான்."

"அப்ப அவனை எடு. இதுக்கா பஸ் ஏறி வந்தே?"

மாசிலாமணி துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு நாளா ஒரே கூச்சல் சாமி. கம்ப்யூட்டர்ல கணக்குப் பார்க்கிறவன் குணாளன்ங்கிறான். முதலாளி மருமகன் சேவியர்ங்கிறார். முதலாளி பொண்டாட்டி வரைக்கும் ஆளுக்கொரு அபிப்பிராயம் வெச்சிருக்காங்க. நான் ஒருத்தன்தான் வாயைத் திறக்கலை."

சாமி இன்னொரு கொத்தை எடுத்து உருவினார்.

"டாக்டர் பார்த்தாரா?"

"பார்த்தார். ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லைன்னுட்டார்."

"சேவியர் கட்டுப் போட்டிருந்தானா?"

"இடது முட்டில."

"டாக்டர் எந்த முட்டியைப் பார்த்தார்?"

"கட்டுப் போட்டிருந்ததைத்தான்."

கபடிக்காரன் வலிக்கிற காலில் கட்டுப் போட மாட்டான். போட்டால் பிடிக்கிறவன் அதைத்தானே குறிவைத்துப் பாய்வான்? நல்ல காலில் போட்டுக்கொள்வான். கண்டவன் எல்லாம் அந்தக் காலில் விழுந்து கட்டிப் புரளட்டும் என்று விட்டுவிடுவான். களத்தில் புரண்டவர்களுக்கு இது தெரியும். ஊசி போடுகிற டாக்டருக்கு எங்கே தெரியப்போகிறது?

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்றார் சாமி.

மாசிலாமணி துண்டை மடியில் போட்டுக்கொண்டார்.

"களத்துல ஆட விட்டுப் பார்த்து முடிஞ்சதும் சாப்பாடு போட்டாங்க. பையன்கள் எல்லாம் தரையில சம்மணம் போட்டு உக்காந்தாங்க. அவன் மட்டும் வலது காலை நீட்டிட்டு உக்காந்தான். மடக்க முடியலை சாமி. பக்கத்துல இருந்தவன் ஏதோ கேட்டதுக்குச் சிரிச்சு மழுப்பினான். வேற யாரும் கவனிக்கலை."

"சரி."

"வெளிய சொன்னா எந்த அணியும் அவனைத் தொடாது. அப்பா கடலுக்குப் போய்த் திரும்பலை. வீட்டுக்கு அவன் ஒருத்தன்தான். சொல்லாம எடுத்தேன்னா எனக்குக் கோப்பை. ஆனா அந்தக் கால் ஒரு வருஷம் தாங்கினா அதிகம். அப்புறம் ஆயுசுக்கும் நொண்டிதான்."

கை கூப்பினார்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. எதுவானாலும் செய்யறேன்."

"நல்லா இருக்கே. நாளைக்கு அவன் கால் போனா, சாமி சொன்னார் செஞ்சேன்னு நீ நிம்மதியாத் தூங்குவே."

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிம்மதிக்காகத்தான் வந்திருந்தார். பஸ்ஸில் வரும்போது அவருக்கே அது தெரியாது, அவ்வளவுதான்.

"அவன்கிட்ட கேட்டியா?"

"எவன்கிட்ட?"

"கால் யாருதோ அவன்கிட்ட."

"இல்லை சாமி."

"கேளு. நானும் கேட்கிற மாதிரி பேசு."

மாசிலாமணி போனை எடுத்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தார்.

"வணக்கம் சார்." பையன் முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான் போல.

"தம்பி, வலது முட்டி எத்தனை நாளா வலிக்குது?"

அந்தப் பக்கம் கதவு ஒன்று சாத்தப்பட்டது.

"பார்த்துட்டீங்களா சார்?"

"பார்த்துட்டேன்."

"யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?"

"இல்லை."

"சொல்லாதீங்க சார். ஒரு வருஷம் தாங்கும். நான் தாங்க வைக்கிறேன். எனக்கு என்ன ஆனாலும் உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன் சார். எங்கம்மா மேல சத்தியம்."

மாசிலாமணிக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கக்கேடு. ஆனாலும் அதுதான் வந்தது. ஒரு மலையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது மனுஷனுக்கு. போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நிமிர்ந்தார்.

"கேட்டீங்களா சாமி? அவனே சொல்றான். தெரிஞ்சு, விரும்பித்தான் வர்றான்."

சாமி கீரையைத் தள்ளி வைத்தார். காவி வேட்டியை வலது முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட்டார்.

முட்டி ஒரு பக்கமாகத் திருகியிருந்தது. அதற்குக் கீழே கால் குச்சியாகச் சூம்பிப் போயிருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் மாசிலாமணி அந்தப் பக்கம் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"நாம ஆடின ஃபைனலுக்கு முன்னாடி நானும் அந்தப் பையன் சொன்னதையேதான் சொன்னேன் மாசிலா. உன்கிட்டதான் சொன்னேன்."